ரிஜெக்ட் சாரின் கைத்தடி

சிலருக்குச் சளி பிடிக்கும், சிலருக்குப் பைத்தியம் பிடிக்கும். என் வீட்டுக்காரருக்கு டைட்டானியம் பிடித்தது.

மனிதர் தண்ணீர் வாரிய அலுவலகத்தில் மீட்டர் பிரிவில் எழுத்தர். காலையில் போய் மாலையில் வருவார். ஒரு ஆணி அடிக்கச் சொன்னால் சுவரில் பாதி பெயர்ந்து ஆணியோடு கையில் வரும். அப்படிப்பட்டவர் ஒரு நாள் வெல்டிங் மெஷினையும் ஆளுயர கேஸ் சிலிண்டரையும் கொண்டுவந்து கார் ஷெட்டில் இறக்கினார். கார் வெளியே போனது. மழையிலும் வெயிலிலும் அது தெருவில் நிற்கிறது, வாசலில் நிறுத்திய கடன்காரனைப் போல எங்களை முறைத்துக்கொண்டு.

"இரும்பு கிரும்புன்னு ஏதாவது லேசா ஆரம்பிக்கக் கூடாதா?" என்று கேட்டேன். "இரும்பு யார் வேணா ஒட்டுவான்டி" என்றார். ஆணி அடிக்கத் தெரியாதவருடைய வாயைப் பாருங்கள்.

டைட்டானியம் என்பது உலோகங்களுக்குள் புது மாப்பிள்ளை. ஆறி இருக்கும்போது அதைப்போலச் சாது கிடையாது, துருப்பிடிக்காது, உப்புத் தண்ணீரில் போட்டாலும் முனகாது. சூடாகிவிட்டாலோ காற்றுப் பட்டால்கூடக் கோபித்துக்கொள்ளும். காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு முறுக்கிக்கொள்ளும். அப்புறம் ஒட்டின இடம் பார்க்க முழுசாக இருக்கும், ஒரு நாள் பிஸ்கட் மாதிரி உடையும். அதனால் ஒட்டும்போது ஆர்கான் வாயுவை மேலே ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். குழாயாக இருந்தால் உள்ளேயும் ஒரு ரப்பர் டியூப் வைத்து ஊத வேண்டும். முக்கியமாக, நெருப்பும் வாயுவும் வருகிற டார்ச்சை நெருப்பு அணைந்த பிறகும் எடுக்கக் கூடாது. உலோகம் ஆறுகிறவரை அந்த வாயு உஸ்ஸென்று அதன்மேல் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், மூன்று வேளையும் சாப்பாட்டோடு இதைத்தான் எனக்குப் பரிமாறுகிறார்.

அவர் வெல்டிங்குக்கு உட்கார்ந்தால் ஷெட்டில் ஃபேன் ஓடக் கூடாது. ஜன்னல் திறக்கக் கூடாது. நான் பக்கத்தில் நின்று தும்மக் கூடாது. உலோகத் துண்டுக்கு நடக்கும் உபசாரத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். புதுக் கையுறை மாட்டிக்கொண்டு, வெள்ளைத் துணியில் அசிட்டோன் நனைத்து, ஒரு தடவை, இரண்டு தடவை, துணியில் அழுக்குத் தெரியாமல் போகிறவரை துடைப்பார். விரல் ரேகை பட்டாலே கெட்டுவிடுமாம். அதற்கென்று தனி பிரஷ், வேறு எதிலும் படாமல் டப்பாவில் மூடி வைத்திருக்கிறார். இந்த மனிதர் கல்யாணமான நாளிலிருந்து சாப்பிட்ட மேசையை ஒரு தடவை துடைத்தவரில்லை.

சாவி வளையம் செய்தார். பாட்டில் திறக்கிறது செய்தார். ஒரு சோப்பு டப்பா செய்தார். ராக்கெட்டில் ஏற்றி அனுப்பினாலும் பத்திரமாகத் திரும்பி வரக்கூடிய சோப்பு டப்பா இப்போது எங்கள் குளியலறையில் இருக்கிறது. சோப்புதான் கரைகிறது.

இந்த வேலையில் நல்லது கெட்டதைக் கலர் சொல்லிவிடும். ஒட்டின வரி பளிச்சென்று வெள்ளியாக இருந்தால் பாஸ். லேசாக மஞ்சள் ஓடினால் போனால் போகிறது. நீலம், ஊதா, மயில் கழுத்து என்று வந்தால் காற்று புகுந்துவிட்டது, ஃபெயில். அதாவது, பார்க்க அழகாக இருப்பதெல்லாம் குப்பை, ஒன்றுமில்லாதது மாதிரி இருப்பதுதான் உசத்தி. நீலமாக வந்த ஒரு மோதிரத்தை நான் ஆசையாக எடுத்துப் போட்டுக்கொண்டபோது மனிதர் கண்கலங்கிவிட்டார். "அதை வெளிய போட்டுக்கிட்டுப் போகாதடி, யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க?" என்றார். யார் பார்ப்பார்கள்? இந்தத் தெருவில் டைட்டானியம் பார்க்க யார் காத்துக்கொண்டிருக்கிறார்கள்?

ஒருவர் காத்துக்கொண்டிருந்தார். என் அப்பா.

அப்பா ஒரு பால் பவுடர் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பால் ஓடும் ஸ்டெயின்லெஸ் குழாய்களில் ஒட்டு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது வேலை. சட்டைப்பையில் எப்போதும் ஒரு சிவப்புச் சாக்பீஸ் இருக்கும். பிடிக்காத ஒட்டின்மேல் ஒரு எக்ஸ் போடுவார், அவ்வளவுதான், வெட்டி எறிந்துவிட்டு முதலிலிருந்து செய்ய வேண்டும். வெல்டர்கள் அவருக்கு வைத்த பெயர் ரிஜெக்ட் சார். அந்தப் பெயரை அவர் பட்டம் மாதிரி நினைத்துப் பெருமைப்பட்டார். அம்மா போன பிறகு எங்களோடு வந்துவிட்டார், சாக்பீஸோடு. எங்கள் வீட்டுக் கதவு ஒன்று சரியாகச் சாத்தாது. அதன்மேல் ஒரு எக்ஸ். ஆடும் நாற்காலியின் முதுகில் ஒரு எக்ஸ்.

அவர் வாயிலிருந்து "நல்லாருக்கு" என்ற சொல்லை நான் கேட்டதில்லை. நான் வீட்டின் முன்னறையில் தையல் வேலை செய்கிறேன், பேன்ட் வெட்டிக் குறைப்பது, கோட் இடுப்பைப் பிடிப்பது, இப்படி. ஊரே என் கையைப் புகழும். அப்பா தையலை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு "சுமார்" என்பார். அந்தச் சுமாருக்கே நான் அன்றைக்கு ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிடுவேன். என் வீட்டுக்காரருக்கு அந்தச் சுமாரும் கிடைத்ததில்லை. "மாப்பிள்ளை நல்லவர்தான்" என்று அப்பா ஒரு தடவை யாரிடமோ சொன்னார். அந்த 'தான்'னை இவர் இன்னும் மனசில் வைத்திருக்கிறார்.

போன மழைக்காலத்தில் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். டாக்டர் உள்ளே ஒரு கம்பி வைத்துச் சரிசெய்தார். அதுவும் டைட்டானியம்தான். "இன்னொரு தடவை விழுந்தா கட்டில்தான், அப்புறம் எழுந்திருக்கிறது கஷ்டம். தடி இல்லாம ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது" என்று என்னிடம் தனியாகச் சொன்னார். 

அப்பாவோ நாங்கள் குட்டிக்கரணம் போட்டாலும் தடியைத் தொட மாட்டேன் என்றார். ஆஸ்பத்திரியில் கொடுத்த அலுமினியத் தடியைத் திருப்பிப் பார்த்தார், எக்ஸ் போட்டார். கடையில் வாங்கின மரத்தடியை "வளைஞ்சிருக்கு" என்று மூலையில் சாத்தினார். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தார். அவர் எழுந்திருக்கும் சத்தம் கேட்டாலே நான் மெஷினை நிறுத்திவிட்டு ஓடினேன்.

அப்போதுதான் இவர் சொன்னார். "நான் செஞ்சு தர்றேன் மாமா."

அப்பா கண்ணாடியை இறக்கி இவரைப் பார்த்தார். "நீங்களா?" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காக இவர் பட்ட பாடு இருக்கிறதே! லேசான டைட்டானியக் குழாய், மேலே பிடிப்பதற்குக் குறுக்கே ஒரு துண்டு. ஒட்ட வேண்டியது ஒரே இடம், குழாயைச் சுற்றி ஒரு வளையம். நகை செய்கிறவன்கூட அப்படிப் பார்த்துச் செய்திருக்க மாட்டான். வெள்ளி வெள்ளியாக, ஒரு கறை இல்லாமல், சில்லறையை அடுக்கிச் சரித்து வைத்த மாதிரி வரிவரியாக வந்தது. இவர் அதைப் பார்த்துவிட்டுத் தலைகால் புரியாமல் எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார். அதிலிருந்தே நீங்கள் விஷயத்தின் பெருமையைத் தெரிந்துகொள்ளலாம்.

அப்பா ஒட்டின இடத்தில் கட்டைவிரல் நகத்தை ஓட்டிப் பார்த்தார். "சூடே ஏறல" என்றார். "கலரே வரலியே. மேலாக்க ஒட்டியிருக்கு, சுவத்துல பல்லி ஒட்டின மாதிரி." சாக்பீஸ் வெளியே வந்தது. எக்ஸ்.

அப்பா வாழ்நாளெல்லாம் பார்த்தது ஸ்டெயின்லெஸ். அதில் லேசான பொன்னிறமும் நீலமும் வந்தால் சூடு சரியாக ஏறியது என்று கணக்கு வைத்திருந்தார். டைட்டானியத்துக்கு வேறு கணக்கு என்று இவர் எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்வாரா? மாமனார் எதிரில் இவருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதுவும் நல்ல ஒட்டு. "சரி மாமா" என்று சொல்லிவிட்டு, எக்ஸோடு தடியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனார். நான் முணுமுணுத்தேன், அவ்வளவுதான் என்னாலும் முடிந்தது.

இரண்டாவது தடியை ஒட்டும்போது நானும் ஷெட்டில் இருந்தேன். சிலிண்டர் வால்வை மூடுவதற்கு ஆள் வேண்டுமாம். கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாதி வளையம் முடிந்திருக்கும், கதவு திறந்தது. அப்பா, ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி.

என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார்.

கல்யாணப் பேச்சு நடந்த அன்றிலிருந்து அப்பா அறைக்குள் வந்தால் இவர் எழுந்து நிற்பார். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் நிற்பார். காய்ச்சலில் படுத்திருந்தபோதும் போர்வையோடு நின்றார். உடம்பில் ஊறிப்போனது, யோசித்துச் செய்வதில்லை. எழுந்தபோது டார்ச்சும் கையோடு எழுந்தது. காலில் சிக்கி, குழாய்க்குள் வாயு ஊதிக்கொண்டிருந்த ரப்பர் டியூப்பும் பிடுங்கிக்கொண்டது. நெருப்பு மாதிரி சிவந்திருந்த டைட்டானியம் அம்மணமாகக் காற்றில் நின்றது.

"நிறுத்தாதீங்க. நடக்கட்டும்" என்றார் அப்பா, தொழிற்சாலையில் சொல்கிற மாதிரி.

டியூப்பை மறுபடி மாட்ட வேண்டும், துடைக்க வேண்டும், ஆரம்பத்திலிருந்து செய்ய வேண்டும். இவர் எதையும் செய்யவில்லை. ரிஜெக்ட் சார் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்க, மிச்சப் பாதியையும் அப்படியே ஒட்டி முடித்தார். முடித்த கையோடு டார்ச்சை எடுத்துவிட்டு மறுபடியும் எழுந்து நின்றார். பொன், ஊதா, நீலம், மயில் கழுத்து என்று எல்லாக் கலரும் அந்த வளையத்தில் ஓடின. "போச்சு" என்று இவர் உதடு அசைந்ததை நான் பார்த்தேன்.

ஆறினதும் அப்பா அதைக் கையில் எடுத்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். வெளிச்சத்தில் காட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தை ஓட்டினார். சட்டைப்பைக்குப் போன கை வெறுமனே திரும்பி வந்தது.

"மாப்பிள்ளை," என்றார், "இது நல்லாருக்கு."

எனக்கே தூக்கிவாரிப்போட்டது. இவர் காது வரை சிவந்துவிட்டார். "தேங்க்ஸ் மாமா" என்றார்.

அன்றிலிருந்து அப்பாவைப் பிடிக்க முடியவில்லை. தடி கைக்கு வந்துவிட்டது. தினமும் தெருவில் இறங்கினார். எதிர் வீட்டு மருந்துக்கடைக்காரரை வழியில் நிறுத்தி, "பாருங்க, இந்தக் கலரைப் பாருங்க. எங்க மாப்பிள்ளை கை" என்றார். மருந்துக்கடைக்காரர் "அடடா" என்றார். அவருக்கு என்ன தெரியும், மாத்திரை கலராக இருந்தாலும் அடடா என்பார். ஒரு விஷயம் நான் கவனித்தேன். அப்பா அந்தத் தடியை ஊன்றவே இல்லை. போலீஸ் அதிகாரி மாதிரி அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார், காட்ட வேண்டிய இடத்தில் எடுத்துக் காட்டினார். சரி, கையிலாவது இருக்கிறதே என்று நானும் இருந்துவிட்டேன்.

கொண்டாட வேண்டிய இவரோ பேயறைந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். தட்டில் போட்டது போட்டபடி கிடந்தது. ஷெட் பக்கமே போகவில்லை. அப்பா வெளியே கிளம்பினால் இவர் ஜன்னலுக்கு ஓடி, தெருமுனை திரும்புகிறவரை பார்த்தார். எத்தனை நாள் பொறுப்பேன்? ஒரு காலையில் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு, "சொன்னாத்தான் சோறு" என்றேன்.

"அது ஃபெயில்டி" என்றார்.

"எது?"

"மாமா தடி. முழுக்கக் காத்து புகுந்துடுச்சு."

"உடையுமா?"

"இன்னைக்கே உடையலாம். கடைசி வரைக்கும் உடையாமலும் இருக்கலாம். பாரம் வச்சாத்தான் தெரியும்."

எனக்குக் கோபத்தில் காது அடைத்தது. "அன்னைக்கே வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன கேடு?"

தலையைக் குனிந்துகொண்டார். "நல்லாருக்குன்னு சொன்னாருடி" என்றார்.

"ஒரு நல்லாருக்குக்கு எங்கப்பா இடுப்பை வித்துட்டீங்களா?" என்று கத்தினேன். கத்திவிட்டேனே தவிர, அந்தப் பசி எனக்கும் தெரியும். சுமாருக்கே ஒரு வாய் கூடச் சாப்பிட்டவள் நான். நான் தைத்த ஒரு கோட்டைப் பார்த்து அப்பா ஒரு நாள் "நல்லாருக்கு" என்று சொல்லி, அந்தக் கோட்டில் தையல் விட்டிருந்தால், நான் மட்டும் வாயைத் திறந்திருப்பேனா? தட்டை அவர் பக்கம் தள்ளினேன்.

சரி, நாமே சொல்லிவிடலாம் என்று அன்று மாலையே அப்பாவிடம் போனேன். "அப்பா, டைட்டானியத்துல நீலக் கலர் வந்தா ஆகாதாமே?"

"யார் சொன்னது?"

"அவர்தான்."

அப்பா சிரித்தார். "அவருக்கு என்னம்மா தெரியும்? நல்லா செஞ்சிருக்கார், செஞ்சது நல்லாருக்குன்னு அவருக்கே தெரியல. சில பேர் அப்படித்தான். நான் எத்தனை வெல்டரைப் பார்த்திருக்கேன்!" தடியை அன்பாக ஒரு தடவை தடவினார்.

போச்சா? முதலில் பாராட்டே கிடைக்கவில்லை. இப்போது கிடைத்த பாராட்டைத் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. தடியைப் பிடுங்கினால் கையில் எதுவுமில்லாமல் நடப்பார், பிடுங்காவிட்டால் அந்தத் தடியோடு நடப்பார். இரண்டுக்கும் முடிவு கட்டில்தான்.

திருட்டு யோசனை என்னுடையதுதான். "அந்த முதல் தடி நல்லதுதானே? அதுக்கு நீலச் சாயம் ஏத்த முடியாதா?" என்றேன். தையல்காரி புத்தி. இவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது, நான் என்னமோ கொலை செய்யச் சொன்னது போல. ஆனால் முடியுமாம். சோடா உப்புக் கரைசலில் டைட்டானியத்தை நனைத்து, பேட்டரிகளை வரிசையாகக் கோத்து மின்சாரம் விட்டால் மேல்தோலில் கலர் ஏறும். உள்ளே ஒன்றும் ஆகாது. எக்ஸை அசிட்டோனால் துடைத்துவிட்டு அப்படியே செய்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொன்னிறமாகி, ஊதாவாகி, நீலமானது. "இவ்ளோதானா?" என்றேன். "இவ்ளோதான்" என்றார், கசப்பாக. தன் வாழ்க்கையிலேயே நன்றாகச் செய்த ஒன்றுக்கு மனிதர் பூச்சு பூசிக்கொண்டிருந்தார், அது கெட்டது மாதிரி தெரிவதற்காக.

அப்பா குளிக்கப் போனபோது தடியை மாற்றி வைத்தோம். நீலத் தடியை, அதாவது நிஜ நீலத் தடியை, ஷெட்டில் பெஞ்சுக்கு அடியில் தள்ளினோம்.

அப்பா வந்தார், துண்டைப் போட்டார், தடியை எடுத்தார், வாசல் வரை போனார், நின்றார். கட்டைவிரல் நகம் ஒட்டின இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றியது.

"இது என் தடி இல்ல."

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டோம்.

"இது நான் ரிஜெக்ட் பண்ணது. இந்த இடத்துல ஒரு சின்ன மேடு இருக்கும். கண்ணு மறந்தாலும் நகம் மறக்காது. சாயம் பூசிக் குடுத்தா தெரியாதுன்னு நினைச்சீங்களா?" தடியை நாற்காலிமேல் எறிந்தார். "என் தடி எங்க?"

"அப்பா, உக்காருங்க, சொல்றோம்..."

உட்காரவில்லை. கையில் எதுவுமில்லாமல் பின்கட்டு வழியாக ஷெட்டை நோக்கி நடந்தார். முற்றத்தில் தண்ணீர் கொட்டி ஈரமாக இருந்தது. ஒவ்வொரு அடியும் என் நெஞ்சில் விழுந்தது. பிடிக்கப் போனால் கையை உதறினார். இவர் சாயத் தடியைத் தூக்கிக்கொண்டு எங்களுக்குப் பின்னாலேயே ஓடி வந்தார். அப்பா ஷெட்டுக்குள் போய், குனிந்து, பெஞ்சுக்கு அடியிலிருந்து தடியை உருவினார். இன்ஸ்பெக்டரிடம் பொருளை ஒளிக்க யாரால் முடியும்?

"நீலம் ஆகாதா? ஒட்டு நிக்காதா? இப்ப பாருங்க" என்றார். தடியைச் சிமெண்டுத் தரையில் ஊன்றினார். இரண்டு கையையும் பிடியின்மேல் வைத்தார். இத்தனை நாளாக அக்குளில் இருந்த தடியின்மேல் முதல் தடவையாகத் தன் உடம்பு பாரம் முழுவதையும் சாய்க்கப் போனார்.

"மாமா, வைக்காதீங்க!"

அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. ஷெட் தகரம் அதிர்ந்தது. ஒரே எட்டில் பாய்ந்து, ஒரு கையால் மாமனாரை அணைத்துப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தடியைப் பிடுங்கிவிட்டார். என்னைக் கூப்பிட்டு அப்பாவைப் பிடிக்கச் சொன்னார். பிறகு அந்தத் தடியைப் பெஞ்சில் பொருத்திய வைஸின் இரும்புத் தாடைகளுக்கு நடுவில் வைத்து இறுக்கினார், சுத்தியலை எடுத்தார், பிடியில் ஒரு அடி.

டக். ஒரே அடி. பிடி தனியாகப் பறந்து சுவரில் மோதிக் கீழே விழுந்தது.

சாயம் ஏற்றிய தடியை இறுக்கினார். அடித்தார். அடித்தார். வியர்வை வழிய அடித்தார். பிடி வளைந்தது, குழாய் நசுங்கியது, அந்த வளையம் மட்டும் விடவில்லை. சுத்தியலைக் கீழே போட்டபோதுதான் தான் யார் எதிரில் என்ன செய்தோம் என்று உறைத்தது போலிருக்கிறது, அப்படியே நின்றார்.

அப்பா மெதுவாக என் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்து, உடைந்த பிடியை எடுத்தார். உடைந்த இடத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். சோறு வெந்துவிடும், அவ்வளவு நேரம் பார்த்தார்.

"எப்பலேருந்து தெரியும்?"

"அன்னைக்கே தெரியும் மாமா."

"நான் நல்லாருக்குன்னு சொன்னப்பவா?"

"அதுக்கு முன்னாடியே."

"அப்புறம் ஏன் சொல்லல?"

இவர் பெஞ்சிலிருந்த கையுறையை எடுத்து, மாட்டி, கழற்றினார். "நீங்க நல்லாருக்குன்னு சொன்னீங்க மாமா. கல்யாணம் ஆன நாள்லேருந்து அதை ஒரு தடவை கேக்கணும்னு இருந்தேன். கேட்டுட்டேன். அதை எப்படித் திருப்பிக் குடுக்கிறதுன்னு தெரியல."

அப்பா உடைந்த இடத்தை மறுபடி வெளிச்சத்தில் காட்டிப் பார்த்துவிட்டு, "எதனால காத்து புகுந்துச்சு?" என்று கேட்டார். அது இன்ஸ்பெக்டர் கேள்வி. இவர் வாயைத் திறக்கவில்லை. நான் திறந்தேன்.

"நீங்க வந்ததால. நீங்க வந்தீங்கன்னு இவர் எந்திரிச்சு நின்னதால."

"நான் வந்தா எதுக்கு எந்திரிக்கணும்?"

"எந்திரிக்கலன்னா விட்டிருப்பீங்களா?"

அப்பா சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்தார். கையிலிருந்த உடைந்த பிடியின்மேல் எக்ஸ் போட்டார். வைஸில் வளைந்து கிடந்த தடியைப் பார்த்தார். "இதுல ஒரு எக்ஸ் போட்டிருந்தேனே?"

"துடைச்சிட்டேன் மாமா."

"நல்லது" என்றார். வாசலுக்குப் போகும்போது திரும்பி, "ஆனா ஒண்ணு. பாராட்டினது என் தப்பு. அதனாலதான் இவ்வளவும். இனிமே அது நடக்காது" என்றார். என் தோளை விடாமல்தான் வீட்டுக்குள் வந்தார். விழுந்த பிறகு அவர் என்னைப் பிடித்து நடந்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்தது, அதைக் காட்டாமல், "மெதுவா வைங்க காலை, ஈரம்" என்று திட்டிக்கொண்டே நடந்தேன்.

அடுத்த விடுமுறையன்று இவர் மூன்றாவது தடிக்கு உட்கார்ந்தார். யாரும் கேட்கவில்லை, யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் வால்வுக்குப் பக்கத்தில். பாதி வளையம் போயிருக்கும், கதவு திறந்தது.

இவருடைய முழங்கால் எழும்பியதை நான் பார்த்தேன். பழக்கம், பாவம், அது என்ன செய்யும்? பல்லைக் கடித்துக்கொண்டு அதை அழுத்தி உட்கார்ந்தார். கண்ணை எடுக்கவில்லை, கையை எடுக்கவில்லை. அப்பா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வரவில்லை, கதவை மட்டும் பின்னால் சத்தமில்லாமல் சாத்தினார், காற்று வராமல்.

வளையம் முடிந்தது. நெருப்பு அணைந்தது. உஸ்ஸென்று வாயு மட்டும் போய்க்கொண்டிருந்தது. டார்ச் இருந்த இடத்திலேயே இருந்தது, இவரும் இருந்த இடத்திலேயே இருந்தார். அப்பாவுக்கு இடுப்பு வலித்திருக்கும், எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றினார். நான் ஸ்டூலை நகர்த்தினேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். மாப்பிள்ளை உட்கார்ந்திருக்க மாமனார் நின்றுகொண்டிருந்தார், அந்த உஸ் நிற்கிறவரை.

அது நின்றதும் இவர் அலறிப் புடைத்துக்கொண்டு எழுந்தார்.

"இப்ப எதுக்கு எந்திரிக்கிறீங்க? உக்காருங்க" என்றார் அப்பா.

ஆறின தடியை வாங்கினார். வெள்ளி. ஒரு கலர் இல்லை, ஒரு கறை இல்லை. மருந்துக்கடைக்காரரிடம் காட்டினால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அப்பா நகத்தை ஒரு சுற்று ஓட்டினார். நானும் இவரும் மூச்சு விடவில்லை.

"சுமார்" என்றார்.

தடியை ஊன்றி வெளியே போனார். முற்றத்துப் படியில் இறங்கும்போது ஒரு நொடி நின்றார். பிறகு பிடியின்மேல் கையை அழுத்தி, அந்தப் பாழாய்ப்போன இடுப்பின் பாரம் முழுவதையும் அதன்மேல் போட்டு ஒரு படி இறங்கினார். அப்புறம் அடுத்த படி. தெருவுக்குப் போகிறவரை அப்படியேதான் போனார், ஒரு தடவைகூட அக்குளில் இடுக்காமல்.

இவர் ஷெட் வாசலில் கையுறையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "சுமார்னுதானே சொன்னாரு? வேற ஒண்ணும் சொல்லலையே?" என்றார்.

"காதை வச்சுக்கிட்டுக் கேளுங்க" என்றேன். "டொக்கு டொக்குன்னு தெரு முழுக்கச் சொல்லிக்கிட்டுத்தானே போறாரு."